எய்தவன் எங்கே?

1980-களில் இலங்கையில் பிரிட்டிஷ் கூலிப்படையினர் புரிந்ததாகக் கூறப்படும் யுத்தக் குற்றங்கள்பற்றி விசாரணை நடத்துவதாக 2020 நவம்பரில் லண்டன் மாநகரப் போலீஸ் உறுதிப்படுத்தியது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளுக்கும் இந்த அறிவிப்புக்கும் நடுவே 30 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இவ்வளவு தாமதம் ஏன்? பிரிட்டனில் போலீஸ் இல்லையா? நீதிமன்றம் இல்லையா? உலகத்துக்கே சட்டம் கற்றுக்கொடுத்ததாக மார்தட்டும் பார்லிமெண்ட் இல்லையா? எல்லாம் இருக்கின்றன. ஆனால் இவ்வளவு காலமும் ஒரே ஒரு வாசகம் அவற்றையெல்லாம் கட்டிப்போட்டு வைத்தது. ஒரகடத்தில் காண்டிராக்ட் வேலை பார்க்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அந்த வாசகம் மனப்பாடம். "அவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல" என்பதுதான் அது.

வடக்குப்பட்டில் நாற்று நடுகிற சகோதரிக்கும், ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கிற தோழனுக்கும் லண்டன் போலீஸ் விசாரணையில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அக்கறை உண்டு. ஆலை வாசலில் நம்மை ஏய்க்கிற அதே தந்திரம்தான் யுத்தகளத்தில் உயிரைப் பறித்துவிட்டுத் தப்பி ஓடுகிறது.

கம்பெனியின் கதை

அந்தக் கம்பெனியின் பெயர் கீனி மீனி சர்வீசஸ், சுருக்கமாக கே.எம்.எஸ். பெயரைக் கேட்டால் குழந்தைகள் விளையாட்டுப் போலத் தோன்றும். நடத்தியவர்களோ பிரிட்டிஷ் இராணுவத்தின் எஸ்.ஏ.எஸ். என்னும் இரகசியத் தாக்குதல் படையில் இருந்து வெளியேறிய அதிகாரிகள். சர்க்கார் செலவில் கற்ற கொலைத் தொழிலைக் கடைச் சரக்காக்கி, கேட்ட சர்க்காருக்கெல்லாம் விற்றார்கள். நிகராகுவா மக்கள் அரசுக்கு எதிராக அமெரிக்கா நடத்திய மறைமுக யுத்தத்திலும் இந்தக் கம்பெனியின் பெயர் அடிபட்டது. 1987-இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையிலேயே அது வெளிவந்தது.

1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்மீது நடந்த வெறியாட்டத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்தவர்களின் குடும்பங்கள் கும்மிடிப்பூண்டி முகாமிலும் புழல் முகாமிலும் இன்றும் இருக்கின்றன. அந்த வெறியாட்டம் நடந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1984-இல், ஜெயவர்த்தனா சர்க்கார் கே.எம்.எஸ். கம்பெனியைக் கூலிக்கு அமர்த்தியது. போலீசுக்குள்ளேயே ஒரு கமாண்டோப் படை உருவாயிற்று. விசேட அதிரடிப்படை என்று பெயர். அதற்குப் பயிற்சி கொடுத்தவர்கள் கே.எம்.எஸ். ஆட்கள். பயிற்சியோடும் நிற்கவில்லை. இலங்கை விமானப்படையின் ஹெலிகாப்டர்களையும் அவர்கள் ஓட்டினார்கள். இது பிரிட்டிஷ் தூதரகத்துக்குத் தெரிந்தே இருந்தது என்பதைப் பிற்காலத்தில் வெளியான அந்த சர்க்காரின் கோப்புகளே காட்டுகின்றன.

1987 ஜனவரி இறுதியில் மட்டக்களப்பு மாவட்டம் கொக்கட்டிச்சோலைப் பகுதிக்குள் விசேட அதிரடிப்படை புகுந்தது. அங்கே ஓர் இறால் பண்ணை இருந்தது. பண்ணையில் கூலி வேலை செய்தவர்களும் சுற்றுப்புற ஊரார்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செத்தவர்கள் 80-க்கும் மேற்பட்டோர். அவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர். காலையில் வேலைக்குப் போய் மாலையில் கூலி வாங்கி உலை வைக்கிறவர்கள், நம்மைப் போன்றவர்கள்.

சுட்டவன் சிப்பாய். அனுப்பியது கொழும்பு. அந்தப் படையைப் பழக்கியது லண்டன் கம்பெனி. அந்தக் கம்பெனியை அறிந்தும் அறியாதது போல் இருந்தது பிரிட்டிஷ் சர்க்கார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள் நம் பெரியவர்கள். இங்கே அம்பையும் யாரும் தண்டிக்கவில்லை. எய்தவனையும் யாரும் கேட்கவில்லை.

ஃபில் மில்லர் என்னும் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பழைய சர்க்கார் கோப்புகளைத் தோண்டி எடுத்து 2020-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதற்குப் பிறகே லண்டன் போலீஸ் அசைந்தது. அந்தக் கோப்புகளும் முழுதாக இல்லை. இலங்கை சம்பந்தப்பட்ட ஏறத்தாழ 200 கோப்புகளை பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகா அழித்துவிட்டது என்ற செய்தி 2018-இல் அம்பலமாயிற்று. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் ஏன் பயம்?

ஆலையில் கற்ற பாடம்

"கே.எம்.எஸ். தனியார் கம்பெனி. அது செய்வதற்கு பிரிட்டிஷ் சர்க்கார் பொறுப்பாகாது." இதுதான் லண்டனின் வாதம். நமக்கு இது புதிய வாதமா?

பிரஸ் மெஷினில் ஒரு தொழிலாளியின் விரல் போகிறது. ஆலை நிர்வாகத்திடம் போனால், "அவன் எங்கள் தொழிலாளி அல்ல, காண்டிராக்டரின் ஆள்" என்கிறார்கள். காண்டிராக்டரிடம் போனால், "மெஷின் என்னுடையதல்ல, ஆலையினுடையது" என்கிறான். இருவருக்கும் நடுவில் ரத்தம் சொட்டச் சொட்ட நிற்கிறான் தொழிலாளி. இலாபம் மட்டும் வழி தவறாமல் மேலே போய்ச் சேருகிறது. பொறுப்பு எங்கும் போய்ச் சேருவதில்லை.

இந்த ஏமாற்றை உடைக்கத் தொழிலாளி வர்க்கத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1923-ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு விதி வந்தது. காண்டிராக்டர் மூலம் வேலை வாங்கினாலும், தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் வேலை வாங்கிய முதன்மை முதலாளி நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்பது அந்த விதி. காண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. எந்த அளவுக்கு அமலாயிற்று என்பது வேறு சங்கதி. ஆனால் கோட்பாடு தெளிவானது: வேலை யாருக்காக நடந்ததோ, அவர்தான் பொறுப்பு.

ஒரு விரலுக்குப் பொருந்தும் இந்த நியாயம் 80 உயிர்களுக்குப் பொருந்தாதா?

நம் சீமையை விழுங்கிய கம்பெனி

படையைக் கம்பெனியாக நடத்துவது நேற்று முளைத்த புதுமை என்று நினைக்க வேண்டாம். நம்முடைய மண்ணே அதற்குச் சாட்சி.

கிழக்கிந்தியக் கம்பெனி பங்குதாரர்களுக்கு இலாபம் பிரித்துக் கொடுத்த வியாபார ஸ்தாபனம். அதற்குச் சொந்தமாகப் படையும் பீரங்கியும் இருந்தன. ஆற்காட்டு நவாப் முகமது அலி அந்தப் படையின் துணையோடு அரியணையில் அமர்ந்தார். படை சும்மா வருமா? பில் வந்தது, கடன் ஏறியது. 1763-இல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார் நவாப். இன்று ஆலைகள் வரிசையாக நிற்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரமும் அந்த ஜாகீருக்குள் அடங்கியதுதான். நம் முன்னோர் சேற்றில் இறங்கி விளைவித்த நெல், ஒரு கம்பெனிப் படையின் கூலிக்கு ஈடாகப் போயிற்று. 1780-இல் கம்பெனிக்கும் ஹைதர் அலிக்கும் யுத்தம் மூண்டபோது காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் பெரும் போர் நடந்தது. சீமை முழுவதும் பாழாயிற்று. பாழானதற்குக் கம்பெனி யாருக்குக் கணக்குக் கொடுத்தது?

கணக்குக் கேட்பது போல ஒரு நாடகம் நடந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது பிரிட்டிஷ் பார்லிமெண்டில் 1788-இல் விசாரணை தொடங்கியது. ஏழு வருஷம் இழுத்தடித்தார்கள். 1795-இல் நிரபராதி என்று விடுதலை செய்தார்கள். 1857-இல் சிப்பாய்களும் விவசாயிகளும் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்த பிறகே, 1858-இல், கம்பெனியின் கையிலிருந்து படையும் ஆட்சியும் பறிக்கப்பட்டன. பார்லிமெண்டின் நல்ல மனம் பறிக்கவில்லை. மக்களின் எழுச்சி பறிக்க வைத்தது.

ஓட்டைச் சல்லடை

இன்று சர்வதேசச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, சல்லடை போல இருக்கிறது.

1977-இல் ஜெனீவா ஒப்பந்தங்களுடன் சேர்க்கப்பட்ட உடன்படிக்கையின் 47-ஆம் பிரிவு, கூலிப்படையாள் யார் என்று விளக்குகிறது. ஆறு நிபந்தனைகள். ஆறும் ஒருசேரப் பொருந்தினால்தான் ஒருவன் கூலிப்படையாள். நேரடியாகச் சண்டையில் இறங்கியிருக்க வேண்டும். அந்த நாட்டுச் சிப்பாயைவிட மிக அதிகமான சம்பளம் பேசப்பட்டிருக்க வேண்டும். அந்த நாட்டுப் படையில் உறுப்பினனாக இருக்கக் கூடாது. இப்படிப் போகிறது பட்டியல். ஆகவே "நான் பயிற்சியாளன்" என்று சொல்பவன் ஓர் ஓட்டை வழியே தப்புகிறான். அந்நாட்டுப் படையின் பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டவன் இன்னோர் ஓட்டை வழியே தப்புகிறான்.

கூலிப்படைக்கு ஆள் சேர்ப்பதையும், அதற்குப் பணம் கொடுப்பதையும், பயிற்சி கொடுப்பதையும் குற்றமாக்கி 1989-இல் ஐ.நா. சபை ஒரு தனி உடன்படிக்கை செய்தது. அமலுக்கு வரவே 2001 வரை ஆயிற்று. அமெரிக்கா அதில் சேரவில்லை. பிரிட்டன் சேரவில்லை. ரஷ்யாவும் சேரவில்லை. வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது: இந்தியாவும் சேரவில்லை. கம்பெனிப் படையால் அடிமைப்பட்ட நாடு முதல் வரிசையில் நின்று கையெழுத்திட்டிருக்க வேண்டாமா?

பிரிட்டன் தன் சொந்தச் சட்டத்தையும் திருத்தவில்லை. 1976-இல் அங்கோலாவின் விடுதலையைக் குலைக்கப் போன கூலிப்படையினர் 13 பேரை அந்த நாட்டு மக்கள் அரசு பிடித்து லுவாண்டாவில் பகிரங்கமாக விசாரித்தது. நால்வருக்கு மரண தண்டனை, மற்றவர்களுக்குச் சிறை. பெரும்பாலோர் பிரிட்டிஷ் பிரஜைகள். லண்டனில் அமர்த்தப்பட்ட டிப்ளாக் கமிட்டி, 1870-ஆம் ஆண்டின் பழைய சட்டம் பயனற்றது என்று அதே ஆண்டு அறிக்கை கொடுத்தது. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. எட்டு ஆண்டு கழித்து கே.எம்.எஸ். கொழும்பில் இறங்கியது. திறந்து வைத்த கதவு வழியாகத்தான் திருடன் வந்தான்.

பாக்தாத் முதல் மாலி வரை

இந்த ஓட்டை நாளுக்கு நாள் பெரிதாகி வருகிறது. ஈராக்கை ஆக்கிரமித்த அமெரிக்கா, வெளிநாட்டுக் காண்டிராக்டர்களை ஈராக் நீதிமன்றம் விசாரிக்கவே முடியாது என்று உத்தரவு போட்டது. 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் கம்பெனியின் ஆட்கள் சரமாரியாகச் சுட்டார்கள். பொதுமக்கள் 17 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவன் 9 வயதுச் சிறுவன். பல வருஷப் போராட்டத்துக்குப் பின் 2014-இல் அமெரிக்க நீதிமன்றம் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. 2020 டிசம்பரில் ஜனாதிபதி டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். தீர்ப்பைப் பேனாவின் ஒரு கீறலால் அழித்துவிட்டார்.

அமெரிக்கா மட்டுந்தானா? இல்லை. ரஷ்யாவின் குற்றவியல் சட்டம் கூலிப்படையைத் தடை செய்கிறது. ஆயினும் வாக்னர் என்ற கம்பெனிப் படை ஆண்டுக்கணக்கில் பல நாடுகளில் சண்டையிட்டது. "அவர்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்றே மாஸ்கோ சொல்லிவந்தது. வாக்னர் தலைவன் கலகம் செய்த பிறகு, 2023 ஜூனில், முழுச் செலவையும் அரசுதான் கொடுத்தது என்று ஜனாதிபதி புதினே ஒப்புக்கொண்டார். மாலி நாட்டில் மௌரா என்னும் ஊரில் 2022 மார்ச்சில் அந்நாட்டுச் சிப்பாய்களும் அவர்களுடன் வந்த அந்நியப் படையாட்களும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் அறிக்கை வெளியிட்டது. கொடியின் நிறம் எதுவானாலும் தந்திரம் ஒன்றுதான். கொலையைக் குத்தகைக்கு விடு, கைகழுவு.

இந்தக் குத்தகையில் கடைசிப் படியில் நிற்பவன் ஏழைத் தொழிலாளி. 2004-இல் ஈராக்கில் கடத்தப்பட்டு 12 நேபாளத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் துப்பாக்கி பிடிக்கப் போனவர்கள் அல்லர். ஜோர்டானில் வேலை என்று சொல்லி ஏஜெண்டுகள் கூட்டிப்போனார்கள். அமெரிக்கத் தளத்தின் காண்டிராக்டருக்குக் கீழ் இருந்த சப்-காண்டிராக்டரின் வேலைக்காக ஈராக்குக்குள் கொண்டுபோகும் வழியில் சிக்கினார்கள்.

நம் நாட்டுப் பிள்ளைகளும் தப்பவில்லை. "உதவியாள் வேலை, நல்ல சம்பளம்" என்று ஏஜெண்டுகள் ஆசை காட்டி ரஷ்யாவுக்கு அனுப்பிய இளைஞர்கள் உக்ரைன் போர்முனையில் தள்ளப்பட்டார்கள். சி.பி.ஐ. 2024 மார்ச்சில் வழக்குப் பதிவு செய்தது. ரஷ்ய இராணுவத்தில் சேர்க்கப்பட்ட இந்தியர்கள் 126 பேர், அவர்களில் மாண்டவர்கள் 12 பேர், காணாமற்போனவர்கள் 16 பேர் என்று 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் கணக்குச் சொல்லிற்று. அங்கே படை சர்க்காருடையது. ஆள்பிடித்தது தனியார் தரகர்கள். ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாத மொழியில் கையெழுத்து வாங்கினால் என்ன நேரும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

"பயிற்சிதானே கொடுத்தோம்!"

கம்பெனிகளுக்காக வக்காலத்து வாங்குகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்.

முதல் கேள்வி: "சர்க்கார் படைகள் மட்டும் கொலை செய்வதில்லையா? கூலிப்படையை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?" சர்க்கார் படைகளும் செய்கின்றன. இறால் பண்ணையில் சுட்டதே சர்க்கார் போலீஸ்தான். அந்தக் குற்றத்துக்கு கொழும்பு பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் சர்க்கார் படைக்கு ஒரு தளபதி உண்டு, ஒரு மந்திரி உண்டு, கேள்வி கேட்க ஒரு சட்டசபையாவது உண்டு. கம்பெனிக்கு இருப்பது பெயர்ப்பலகை. இன்று ஒரு பெயர். நாளை வேறு பெயர். ஒரு குற்றத்தை மறைக்க இரண்டு திரை தொங்குகிறதென்றால், இரண்டையும் கிழிக்க வேண்டும் என்கிறோம்.

இரண்டாவது கேள்வி: "பயிற்சிதானே கொடுத்தார்கள், சுடவில்லையே?" இதற்குப் பதிலை பிரிட்டிஷ் நீதிமன்றமே 1946-இல் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் புரூனோ டெஷ் என்ற முதலாளி பூச்சி கொல்லும் விஷவாயுவை விற்பனை செய்துவந்தான். அந்த வாயுவால் ஹிட்லரின் கொலை முகாம்களில் மனிதர்களைக் கொன்றார்கள். "நான் வியாபாரி, சரக்கு விற்றேன், அவ்வளவுதான்" என்பதே அவன் வாதம். எதற்குப் பயன்படும் என்று தெரிந்தே விற்றான் என்று ஹாம்பர்க் நகரில் கூடிய பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் முடிவு செய்தது. அவனுக்கும் அவனுடைய நிர்வாகிக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. தெரிந்தே துணைபோன வியாபாரியும் குற்றவாளிதான். ஜெர்மன் முதலாளிக்கு பிரிட்டன் எடுத்துச் சொன்ன இந்த நீதி, பிரிட்டிஷ் முதலாளிக்குப் பொருந்தாமல் போகுமா?

கே.எம்.எஸ். ஆட்களுக்கு என்ன தெரிந்திருந்தது, எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகும் ஏன் தொடர்ந்தார்கள் என்பதை நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்கட்டும். விசாரிக்காமலே யாரையும் தூக்கில் போடச் சொல்லவில்லை நாம். விசாரணையே நடக்காமல் ஆண்டுகளை ஓட்டி, சாட்சிகள் கிழமாகிச் சாகட்டும் என்று காத்திருக்கும் சூழ்ச்சியைத்தான் எதிர்க்கிறோம்.

நியாயம் முடியாத காரியமல்ல. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் சித்திரவதைக்கு ஆளான மூன்று ஈராக்கியர்கள், அங்கே விசாரணை வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த காசி என்னும் அமெரிக்கக் கம்பெனிமீது 2008-இல் வழக்குப் போட்டார்கள். கம்பெனி எத்தனையோ தடை கேட்டது. அவர்கள் விடவில்லை. 4 கோடியே 20 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் அமெரிக்க ஜூரிகளே தீர்ப்புச் சொன்னார்கள். துப்பாக்கி பிடித்த கையோடு நிற்காமல் கம்பெனியின் கல்லாவையே சட்டம் தொட்டது. 16 ஆண்டு விடாப்பிடிக்குக் கிடைத்த பலன் இது.

நாம் கோருவது

லண்டன் போலீசின் விசாரணை கிணற்றில் போட்ட கல்லாகக் கூடாது. மிஞ்சியிருக்கும் கோப்புகள் அனைத்தையும் பிரிட்டிஷ் சர்க்கார் வெளியிட வேண்டும். மட்டக்களப்பிலும் நம் முகாம்களிலும் உள்ள சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தாமதமின்றிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இந்திய சர்க்காரும் தமிழ்நாட்டு சர்க்காரும் உதவ வேண்டும்.

இந்தியா 1989-ஆம் ஆண்டின் கூலிப்படை எதிர்ப்பு உடன்படிக்கையில் சேர வேண்டும். அந்நிய யுத்தங்களுக்கு ஆள்பிடிக்கும் ஏஜெண்டுகளைச் சிறைக்கு அனுப்ப வேண்டும். இறந்தவர் குடும்பங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலைக்குச் சொன்ன கோட்பாட்டை யுத்தத்துக்கும் சட்டமாக்க வேண்டும். சுட்டவனோடு சேர்த்து, அவனை அமர்த்திய கம்பெனியும், அந்தக் கம்பெனியை அமர்த்திய சர்க்காரும், தெரிந்தே இடங்கொடுத்த சர்க்காரும் கூண்டில் ஏற வேண்டும்.

ஆலைகளிலும் வயற்காடுகளிலும் உள்ள தோழர்கள் இதைச் சங்கக் கூட்டங்களில் பேச வேண்டும்; தீர்மானமாக நிறைவேற்றி டில்லிக்கும் பிரிட்டிஷ் தூதரகத்துக்கும் அனுப்ப வேண்டும். வெளிநாட்டு வேலை என்று எவனாவது ஊருக்குள் தாளோடு வந்தால், கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைச் சங்கத்துக்குக் கொண்டுவரும்படி இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் விழுந்தவர்கள் நம்மைப் போலக் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்கள் சாவுக்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.